“நம்பர் 1” கார்டு போடுறதுக்கு முன்னாடி: பசுமை மின்சாரத்தை எப்படி அளக்கணும்?

(தென் மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் நம் அணியின் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா படிச்சிட்டு உங்க ஒன்றியக் குழுக்கள்ல பகிருங்க.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு, “பசுமை மின்சாரத்தில் மாநிலங்களின் வளர்ச்சியை அளப்பது எப்படி”. நான் படிச்சது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். அதனால நீயே பேசிடுன்னு அண்ணன் சொல்லிட்டாரு.

உங்க போனை எடுத்து கேலரியில தேடிப் பாருங்க. “காற்றாலை மின்சாரத்தில் தமிழ்நாடு இந்தியாவிலேயே நம்பர் 1” அப்படின்னு ஒரு கார்டு நிச்சயம் இருக்கும். ரொம்ப வருஷமா அது உண்மைதான். 1986ல தூத்துக்குடி பக்கம் முதல் சோதனைக் காற்றாலைகளை நட்டதிலிருந்து முப்பது வருஷத்துக்கும் மேல நாமதான் இந்தத் துறையில வழிகாட்டி. ஆனா 2023ல குஜராத் நம்மைத் தாண்டிடுச்சு. 2025 மார்ச் கணக்குப்படி குஜராத்தோட காற்றாலை நிறுவு திறன் 12,600 மெகாவாட்டுக்கு மேல. நம்மளுது ஏறக்குறைய 11,700. சோலார்ல ராஜஸ்தான் 28,000 மெகாவாட்டைத் தாண்டி நிக்குது, நாம அப்பதான் 10,000ஐத் தொட்டோம். இன்னும் பழைய கார்டையே பகிர்ந்தீங்கன்னா, எதிர்ல இருக்கிறவன் ஒரே ஒரு அரசு அட்டவணையை எடுத்துப் போட்டு நம்ம வாயை அடைச்சிடுவான்.

சரி, அப்ப கார்டுல “நம்பர் 2”ன்னு திருத்திப் போட்டா வேலை முடிஞ்சுதா? இல்ல. இங்கதான் விஷயமே ஆரம்பிக்குது.

2012ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. நான் அப்ப பள்ளிக்கூடப் பையன். மாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல கரண்ட் கட். கோயம்புத்தூர், திருப்பூர்ல மில்லு, பட்டறை எல்லாம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தியே நொந்து போனாங்க. இன்வெர்ட்டர் கடைக்காரங்க மட்டும்தான் சந்தோஷமா இருந்தாங்க. அந்த வருஷம் காற்றாலை நிறுவு திறன்ல இந்தியாவிலேயே முதலிடம் யாரு தெரியுமா? நாமதான். ஏறக்குறைய 7,000 மெகாவாட். நம்பர் 1 பட்டமும் நம்மகிட்ட, இருட்டும் நம்மகிட்ட. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி நடக்கும்? நாம அளந்த அளவுகோல் ஜனங்க வீட்டு பல்பைப் பத்தி எதுவும் சொல்லல, அதனாலதான்.

மெகாவாட் வேற, யூனிட் வேற. இதை மட்டும் இன்னைக்கு மண்டையில ஏத்திக்கிட்டுப் போனாலே போதும். மெகாவாட்ங்கிறது பைக்கோட டாப் ஸ்பீடு மாதிரி. யூனிட்ங்கிறது அந்த பைக் நிஜமா எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுங்கிற கணக்கு. நூத்தி இருபதுல போகக்கூடிய வண்டி வாசல்லயே நின்னா எவ்வளவு தூரம் போயிருக்கும்?

ஒரு மெகாவாட் இயந்திரம் வருஷம் முழுக்க, 8,760 மணி நேரமும், நிக்காம முழு வேகத்துல ஓடினா 87.6 லட்சம் யூனிட் வரும். எந்த இயந்திரமும் அப்படி ஓடாது. சோலார் ராத்திரி தூங்கும், மேகம் வந்தா சோம்பும். சராசரியா 20 சதவீதம்னு வெச்சா ஒரு மெகாவாட்டுக்கு வருஷத்துக்கு 17.5 லட்சம் யூனிட். காற்றாலைக்கு 25 சதவீதம்னா சுமார் 22 லட்சம். நிலக்கரி அனல்மின் நிலையம் 70 சதவீதம் ஓடினா 61 லட்சம். அதாவது ஒரு மெகாவாட் நிலக்கரி கொடுக்கிற யூனிட்டைக் கொடுக்க மூணரை மெகாவாட் சோலார் வேணும். அதுவும் பகல்ல மட்டும்தான் வரும்.

இப்ப நாட்டு அளவுக்கு வாங்க. 2025 ஜூலையில ஒன்றிய அரசு ஒரு அறிவிப்பு கொடுத்துச்சு. நாட்டோட மொத்த நிறுவு திறன்ல 50 சதவீதம் புதைபடிவம் அல்லாத எரிசக்தி, 2030 இலக்கை அஞ்சு வருஷம் முன்னாடியே தொட்டாச்சுன்னு. அறிவிப்புல பொய் எதுவும் இல்ல. ஆனா 2024-25ல இந்தியா உற்பத்தி பண்ணின மொத்த யூனிட்ல அந்த வகை மின்சாரம் நாலுல ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் நிலக்கரி. பாதின்னு தலைப்பு வந்துச்சு, கால்தான் கம்பியில ஓடிச்சு. தமிழ்நாட்டுக்கும் இதே கதைதான். நிறுவு திறன்ல பாதிக்கு மேல பசுமைன்னு நாம பெருமையா சொல்றோம். “யூனிட்ல எவ்வளவு தம்பி?”ன்னு யாராவது கேட்டா அதுக்கும் பதில் வெச்சிருக்கணும்.

நம்ம ஊர் கதைக்கு வர்றேன். இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், மன்னிச்சுக்கோங்க.

நாகர்கோவில்லேருந்து திருநெல்வேலி வர்ற வழியில ஆரல்வாய்மொழி, முப்பந்தல் எல்லாரும் பார்த்திருப்பீங்க. மலை இடுக்குல புகுந்து வர்ற காத்து. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர்க்காரங்க நாம. உலகத்துலயே அருமையான காற்றாலை இடங்கள்ல அது ஒண்ணு. ஆனா அந்த அருமையான இடத்துல நிக்கிறது என்ன? தொண்ணூறுகள்ல நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிங்க நிறைய இருக்கு. உயரம் கம்மி, இறக்கை சின்னது. இன்னைக்கு வர்ற ஒரு இயந்திரமே ரெண்டு மூணு மெகாவாட், நூறு மீட்டருக்கு மேல உயரம். அந்த உயரத்துல காத்தோட வேகமே வேற.

கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து பழைய 250 கிலோவாட் காத்தாடி, மொத்தம் 2.5 மெகாவாட். பக்கத்துல ஒரே ஒரு புது காத்தாடி, அதுவும் 2.5 மெகாவாட். அரசு அட்டவணையில ரெண்டும் ஒண்ணுதான். பழசு 15 சதவீதம் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 33 லட்சம் யூனிட்டுக்குள்ள. புதுசு 35 சதவீதம் ஓடினா 76 லட்சத்துக்கு மேல. அதே காத்து, அதே மெகாவாட், ரெண்டு மடங்குக்கும் மேல யூனிட். பழசைக் கழட்டிட்டு புதுசு மாட்டினா “நிறுவு திறன்” அட்டவணையில ஒரு மெகாவாட்கூட ஏறாது! ஆனா மாநிலத்துக்குக் கிடைக்கிற லாபம் எவ்வளவு? மெகாவாட்டை மட்டும் பார்க்கிற அரசியல்வாதிக்கு இந்த வேலையில ஆர்வம் வராது. ரிப்பன் வெட்ட இடமே இல்லையே.

பழசை மாத்துறது சுலபம்னு நான் சொல்ல வரல. ஒவ்வொரு காத்தாடியும் ஒவ்வொரு மில் முதலாளி பேர்ல இருக்கு. பெரிய காத்தாடிக்கு இடைவெளி அதிகம் வேணும், பக்கத்து நிலம் இன்னொருத்தர் பேர்ல இருக்கும். அவருக்கும் இவருக்கும் ஒத்துவரணும். அப்புறம் லைன், சப்ஸ்டேஷன், பேங்கிங் சலுகைன்னு பஞ்சாயத்து. பழைய காத்தாடிகளைப் புதுப்பிக்கிறதுக்காகத் தமிழ்நாடு அரசு 2024ல தனிக் கொள்கையே கொண்டு வந்திருக்கு. அது எத்தனை இயந்திரத்தை மாத்திச்சு, எத்தனை யூனிட் கூடிச்சுன்னு வருஷா வருஷம் கேட்க வேண்டியது நம்ம வேலை. நம்ம கட்சி ஆட்சியில இருந்தாலும் கேட்கணும், இல்லாட்டியும் கேட்கணும்.

அடுத்து நேரம். வருஷக் கணக்கு ஒரு பெரிய போர்வை. அதுக்கடியில நிறைய ஒளிஞ்சுக்கும். காத்து சீசன்ல, ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும், கொட்டோ கொட்டுன்னு கொட்டும். 2022 ஜூலையில ஒரே நாள்ல 12 கோடி யூனிட் வந்துச்சு. மார்ச், ஏப்ரல்ல காத்தைத் தேடணும். நம்ம மாநிலத்தோட உச்சபட்சத் தேவை எப்ப வந்துச்சு? 2024 மே 2ஆம் தேதி, 20,830 மெகாவாட். பரீட்சை முடிஞ்சு, வெயில் மண்டையைப் பிளந்து, வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடுற நேரம். காத்து சீசன் இன்னும் தொடங்கல.

ஒரு நாளுக்குள்ளயும் இதே பிரச்சினை இருக்கு. மத்தியானம் சோலார் பொங்கி வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சோலார் வீட்டுக்குப் போயிடும், அப்பதான் நாமெல்லாம் வீட்டுக்கு வந்து ஃபேன் போடுறோம், கிரைண்டர் போடுறோம். அந்த மூணு நாலு மணி நேரத்துக்கு மின்வாரியம் சந்தையில போய் நிக்கும். விலைக்கு உச்சவரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாய், 2023 ஏப்ரல்ல வெச்சது. கோடைக்காலத்துல அந்த உச்சவரம்பை முட்டுற நாளும் உண்டு. அதனால ஒரு மாநிலத்தோட வளர்ச்சியை அளக்கும்போது “பகல்ல எவ்வளவு சோலார்” மட்டும் பார்த்தா பத்தாது, “ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு பசுமை” அப்படின்னும் பார்க்கணும். எனக்குத் தெரிஞ்சு இதைவிட நேர்மையான கேள்வி வேற இல்ல.

அதுக்கு சேமிப்பு வேணும். ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில 400 மெகாவாட் நிலையம் ஒண்ணு எண்பதுகள்லயே கட்டினது. மின்சாரம் மிஞ்சுற நேரத்துல தண்ணிய மேல் அணைக்கு ஏத்தி வெச்சுக்கும், தேவைப்படும்போது கீழ விட்டு மின்சாரம் எடுக்கும். பூமிக்கு மேல நிக்கிற பேட்டரின்னு வெச்சுக்கோங்க. அடுத்ததா நீலகிரியில குந்தா, 500 மெகாவாட். ரொம்ப வருஷமா “கட்டுமானத்தில்”னே அறிக்கைகள்ல ஓடிக்கிட்டு இருக்கிற திட்டம். மாநிலங்களை ஒப்பிடுற அட்டவணையில சோலார், காற்றாலைக்குப் பக்கத்துல சேமிப்புக்கும் ஒரு கட்டம் இருந்தா, குந்தா தாமதமானா யாரு பதில் சொல்லணும்னு ஜனங்களுக்குப் புரியும்.

கணக்குலயே வராத யூனிட்டும் இருக்கு. காத்து அடிக்குது, வெயில் அடிக்குது, ஆனா “உற்பத்தியைக் குறை”ன்னு உத்தரவு வரும். லைன்ல இடம் இல்ல, அல்லது வேற காரணம். காத்தாடி சும்மா நிக்கும். அந்த நஷ்டம் எந்தப் பெருமைக் கார்டுலயும் வராது. தமிழ்நாட்டுல சோலார் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது சம்பந்தமான வழக்குல, கிரிட் பாதுகாப்பு காரணம் இல்லாம குறைச்சிருந்தா இழப்பீடு கொடுக்கணும்னு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட்ல சொல்லிச்சு. நிறுத்தி வெச்ச யூனிட்டையும் அளந்து வெளியிடுற மாநிலம்தான் என்னைக் கேட்டா முன்னேறின மாநிலம்.

வார்த்தையிலயும் வித்தை உண்டு, அதைச் சுருக்கமா சொல்லிடுறேன். “புதுப்பிக்கத்தக்க” வேற, “புதைபடிவம் அல்லாத” வேற. ரெண்டாவதுல கூடங்குளம் அணு மின்சாரமும் சேரும். பெரிய அணை மின்சாரத்தை 2019 மார்ச்லதான் ஒன்றிய அரசு “புதுப்பிக்கத்தக்க” பட்டியல்ல சேர்த்துச்சு. அதனால 2018 கணக்கையும் 2020 கணக்கையும் அப்படியே பக்கத்துல வெச்சு “பாருங்க எப்படி வளர்ந்துட்டோம்”னு யாராவது போட்டா, அணையைச் சேர்த்தாங்களா இல்லையான்னு முதல்ல கேளுங்க. வெளிநாட்டுலயும் இது உண்டு. ஸ்காட்லாந்து 2020ல தன்னோட மின்சாரத் தேவையில 97 சதவீதத்துக்கும் மேல பசுமையா உற்பத்தி பண்ணிடுச்சுன்னு உலகம் முழுக்க செய்தி. உண்மையில “தேவைக்கு இணையான அளவு”ன்னுதான் அர்த்தம். காத்து அடிக்கிறப்ப மிச்சத்தை வெளியே வித்தாங்க, அடிக்காதப்ப வேற மின்சாரம் எரிஞ்சுது. “இணையான”ங்கிற அந்த ஒரு வார்த்தை பாதி செய்திகள்ல காணாம போச்சு.

யாரு கணக்குல எழுதுறதுன்னு ஒரு சண்டையும் இருக்கு. ராஜஸ்தான் பாலைவனத்துல உற்பத்தியாகிற சோலார்ல பெரிய பங்கு வேற மாநிலங்களுக்குப் போகுது. உற்பத்திக் கணக்குல ராஜஸ்தான் ராஜா. அந்த மாநிலத்து ஜனங்க எரிக்கிற மின்சாரத்துல எவ்வளவு பசுமைன்னு கேட்டா அது தனிக் கணக்கு. நம்ம ஊர்ல இன்னொரு விதம். காற்றாலைகள்ல பெரும்பங்கு ஸ்பின்னிங் மில்லு, கார்மெண்ட்ஸ்காரங்க சொந்தத் தேவைக்குப் போட்டது. முப்பந்தல்ல சுத்துது, திருப்பூர்ல கணக்குல கழியுது. இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. அரசு காசு போடாமலே பல ஆயிரம் மெகாவாட் வந்துச்சு. வெளிநாட்டு பையர் “உங்க துணியில எவ்வளவு பசுமை மின்சாரம்?”னு கேட்டா திருப்பூர் தைரியமா பதில் சொல்லுது. குஜராத், ராஜஸ்தான் மாதிரி பெரிய பெரிய பார்க் இல்லைங்கிறதுக்காக நம்மைத் தாழ்த்திப் பேசறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

ரேங்க் பட்டியல் வந்தா என்ன பண்றது? 2022 ஏப்ரல்ல நிதி ஆயோக் மாநிலங்களுக்கு ஒரு எரிசக்தி, காலநிலைக் குறியீடு வெளியிட்டுச்சு. பெரிய மாநிலங்கள்ல முதல் மூணு குஜராத், கேரளா, பஞ்சாப். பஞ்சாப்ல காத்தாடி ஏதுங்க? எப்படி மூணாவது? உள்ளே போய்ப் பார்த்தா மொத்த மதிப்பெண்ல 40 சதவீதம் மின் விநியோக நிறுவனம் எப்படி நடக்குதுங்கிறதுக்கு. தூய எரிசக்தி முயற்சிகளுக்கு 15தான். குறியீடு தப்புன்னு நான் சொல்லல, அவங்க அளந்தது வேற. விநியோக நிறுவனத்தோட கடன் நம்மைப் பின்னாடி இழுக்குதுங்கிறதும் பொய்யில்ல. கடன்ல இருக்கிற வாரியம் காற்றாலைக்காரனுக்குப் பணத்தை இழுத்தடிச்சா அடுத்த காத்தாடியை எவன் நடுவான்? ஆனா அந்தப் பட்டியலை “பசுமையில் பஞ்சாப் மூணாம் இடம்”னு எவனாவது ஃபார்வர்டு பண்ணினா, மதிப்பெண் பிரிப்பைக் கேட்டு ஒரு வரி எழுதுங்க, போதும்.

வீட்டு மாடி சோலார்ல நாம பின்தங்கித்தான் இருக்கோம். ஒன்றிய அரசோட மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் இருக்கு, 2024 பிப்ரவரியிலிருந்து. இருந்தும் குஜராத் அளவுக்கு நம்ம ஊர் மாடிகள்ல பேனல் ஏறல. ஒரு காரணம் எளிமையானது. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அதுக்கு மேலயும் சாதாரண வீட்டுக்குக் கட்டணம் குறைவு. சின்ன வீட்டுக்காரருக்குப் பேனல் போட்டு மிச்சம் பிடிக்க என்ன இருக்கு? அது ஏழைக்குக் கிடைச்ச உரிமை, அதைத் தொடணும்னு நான் சொல்லல. ஆனா “மாடி சோலார் எத்தனை” என்கிற ஒரே அளவுகோலை வெச்சு நம்மை குஜராத்தோட ஒப்பிட்டா, அந்தப் பின்னணியையும் சேர்த்து ஒப்பிடணும். விவசாய மோட்டாரும் இப்படித்தான். 20 லட்சத்துக்கும் மேல இணைப்பு, 1990லேருந்து எல்லா விவசாயிக்கும் இலவசம், பெரும்பாலானதுக்கு மீட்டர் இல்ல. எவ்வளவு எரிஞ்சுதுங்கிறது மதிப்பீடுதான். அளக்காத இடத்துல சதவீதம் சொன்னா அந்த சதவீதத்துலயும் மதிப்பீடு கலந்திருக்கும்.

கடைசியா நிலக்கரி. பசுமை எவ்வளவு ஏறிச்சுன்னு மட்டும் பார்க்கிறோம், கரி எவ்வளவு இறங்கிச்சுன்னு யாரும் பார்க்கிறதில்ல. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017ல மூடினாங்க. ஆனா 2024ல வட சென்னை மூணாம் நிலை 800 மெகாவாட் திறந்தாச்சு. உடன்குடியில ரெண்டு 660 வருது. தேவை ஏறிக்கிட்டே இருக்கிறதால பசுமையும் ஏறும், கரியும் ஏறும், ரெண்டு பேரும் கார்டு போடலாம். எண்ணூர்ல கொசஸ்தலை ஆத்துல சாம்பல் கலந்து மீன் பிடிக்க முடியாம தவிக்கிற ஜனங்களுக்கு சதவீதம் முக்கியமில்ல, மொத்தம் எத்தனை டன் கரி எரியுதுங்கிறதுதான் முக்கியம்.

பசுமைன்னு சொன்னாலே எல்லாம் புனிதம்னும் ஆகிடாது. ராமநாதபுரம் கமுதியில 2016ல 648 மெகாவாட் சோலார் வந்தப்ப, ஒரே இடத்துல உலகத்துலயே பெரிசுன்னு பேசினாங்க. மின்வாரியம் அந்த மின்சாரத்தை வாங்க ஒத்துக்கிட்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அடுத்த வருஷமே ராஜஸ்தான் பட்லாவுல ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிடுச்சு. மெகாவாட் அட்டவணையில விலைக்கு ஒரு கட்டம் இல்லாததால இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் படல. பேனல் போட்ட இடத்துல முன்னாடி ஆடு மேய்ச்சவங்க எங்க போனாங்க, உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு எத்தனை நிரந்தர வேலை கிடைச்சுது, இதுக்கும் ஒரு கட்டம் வேணும்.

சரி, நேரமாச்சு, அண்ணன் வாட்சைப் பார்க்கிறாரு. வேலைக்கு வர்றேன்.

பெங்களூர்ல இருக்கிற தென்மண்டல மின்பளு அனுப்பு மையம் தினமும் ஒரு அறிக்கை வெளியிடுது. அஞ்சு மாநிலத்துக்கும் நேத்து எவ்வளவு யூனிட் தேவை, அதுல காத்து எவ்வளவு, சோலார் எவ்வளவு, அனல் எவ்வளவுன்னு அதுலயே இருக்கு. யாருக்கும் இலவசம். ஒவ்வொரு மாவட்டத்துலயும் ரெண்டு பேர் பொறுப்பெடுத்து, ஜூன் 1லேருந்து ஒரு ஷீட்ல தினமும் பதிவு பண்ணுங்க. ஆறு மாசம் ஓடட்டும். சீசன்ல எப்படி இருந்துச்சு, சீசன் முடிஞ்சதும் எப்படி ஆச்சுன்னு நம்ம கையிலயே கணக்கு வந்திடும். மாவட்ட வாரியா எத்தனை பழைய காத்தாடி, எத்தனை புதுப்பிச்சாச்சு, எத்தனை மணி நேரம் நிறுத்தி வெச்சாங்க, இதை ஆர்.டி.ஐ.யில கேட்போம். மனு மாதிரி நான் எழுதித் தர்றேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, தேனி, கோவை, திருப்பூர், இந்த ஏழு மாவட்டத்துத் தம்பிகள் டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்துட்டுப் போங்க.

ஷீட்டோட லிங்க் இன்னைக்கு ராத்திரி குழுவுல வரும்.